செராமிக் மாநாட்டில் முதல்முறை பேசப் போகிறீர்களா? முதலில் படத்தைச் சரிசெய்யுங்கள்

சிங்கப்பூரில் பொருளறிவியல் படிக்கிற தமிழ் மாணவர்களும், இங்கே நடக்கும் மாநாட்டுக்கு ஊரிலிருந்து வருகிறவர்களும் அடிக்கடி கேட்பது இது: இன்டர்ஃபேஸ் (இடைமுகம்), மைக்ரோஸ்ட்ரக்சர் (நுண்கட்டமைப்பு) பற்றிய அமர்வில் இடம் கிடைத்துவிட்டது, எங்கிருந்து தொடங்குவது? ஸ்லைடைத் திறக்காதீர்கள். உங்கள் எஸ்இஎம் (ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தைத் திறந்து வையுங்கள். அந்த அரங்கில் உட்காருகிறவர்கள் வருடக்கணக்காகக் கிரெயின்களையும், அதாவது செராமிக்கைச் சேர்ந்து உருவாக்கும் நுண்ணிய படிகங்களையும், அவை ஒன்றையொன்று தொடும் எல்லைகளையும் பார்த்துப் பழகிய கண்கள் உள்ளவர்கள். படம் சந்தேகமாக இருந்தால் அதன்மேல் நீங்கள் கட்டியிருக்கும் எந்த வரைபடத்தையும் நம்பமாட்டார்கள், படம் சுத்தமாக இருந்தால் உங்கள் ஆங்கிலம் நடுவில் தடுக்கினாலும் பொறுமையாகக் கேட்பார்கள்.

அதனால் இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி பெல்லட்டை (தூளை அழுத்திச் சுட்ட வில்லை) வெட்டுவதிலிருந்து படம் எடுப்பது வரைக்கும்தான். மேடையில் பேசுவது, போஸ்டர், ஊர் சுற்றுவது எல்லாம் அப்புறம்.

ஒரு கேள்வி போதும்

மாநாட்டுக்கு அனுப்பும் சுருக்கம் (அப்ஸ்ட்ராக்ட்) எழுதும்போது பலரும் செய்த வேலை முழுவதையும் 250 சொற்களுக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். தூள் தயாரித்தோம், அழுத்தினோம், சின்டரிங் செய்தோம் (சூட்டில் இறுக வைத்தோம்), எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) எடுத்தோம், கடினத்தன்மை அளந்தோம், "நல்ல பண்புகள் கிடைத்தன". இதைப் படிக்கிற நடுவருக்கு உங்களிடம் என்ன கேட்பதென்றே தெரியாது. எல்லையில் என்ன நடக்கிறது, அது எந்தப் பண்பை மாற்றுகிறது, அதை எந்தப் படம் அல்லது எந்த எண் காட்டுகிறது, இந்த மூன்றும் ஒரே மூச்சில் வரும் வாக்கியம் ஒன்றை முதலில் எழுதுங்கள். அது வரவில்லையென்றால் வேலை இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையின் நல்ல வேலைகள் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. 1950களின் கடைசியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் அலுமினாவில் கால் சதவீதம் அளவுக்கு மெக்னீசியா சேர்த்தார். சில கிரெயின்கள் மட்டும் அசுரத்தனமாக வளர்ந்து துளைகளை வயிற்றுக்குள் விழுங்குவது நின்றது, துளைகள் எல்லையிலேயே தங்கி, எல்லை வழியாக அணுக்கள் நகரும் விரவலால் மூடிக்கொண்டன, ஒளி ஊடுருவும் அலுமினா கிடைத்தது. தெருவில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குகளின் உள்குழாய் அதுதான். துத்தநாக ஆக்சைடு வேரிஸ்டரை (மின்னழுத்தம் திடீரென ஏறும்போது கருவியைக் காக்கும் பாகம்) எடுத்துக்கொள்ளுங்கள்: பிஸ்மத் ஆக்சைடு சேர்ந்த ஒவ்வொரு எல்லையும் சுமார் 3 வோல்ட் வரை மின்சாரத்தைத் தடுத்து நிற்கும். அப்படியானால் 1 மில்லிமீட்டர் தடிமனில் கிரெயின் 10 மைக்ரான் என்றால் ஏறக்குறைய 100 எல்லைகள், 300 வோல்ட். கிரெயினை 20 மைக்ரானாக வளர்த்தால் பாதி. கிரெயின் அளவை அளக்காமல் இந்தப் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது, இல்லையா? உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். சுருக்கத்தில் ஒரு எண்ணாவது இருக்கட்டும்.

ஈரக்காற்று

இது சிங்கப்பூருக்கே உரிய தொல்லை என்பதால் தனியாகச் சொல்கிறேன். இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆய்வகத்தில் ஏசி ஓடினாலும் வார இறுதியில் அணைத்துவிடுகிற கட்டடங்கள் உண்டு. லாந்தனம் ஆக்சைடு போன்ற தூள் திறந்த டப்பாவில் இருந்தால் தண்ணீரை இழுத்து ஹைட்ராக்சைடாக மாறும். முழுக்க மாறிவிட்டால் எடை 16 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும், அதாவது ஆக்சைடு என்று நினைத்து நீங்கள் நிறுத்துப் போட்டதில் லாந்தனம் சுமார் 14 சதவீதம் குறைவு. பிறகு எல்லையில் எதிர்பாராத இரண்டாம் கட்டம் (வேறொரு சேர்மம்) ஒன்று தெரிந்தால், அது புதுக் கண்டுபிடிப்பா, நிறுத்ததில் வந்த பிழையா என்று யாருக்குத் தெரியும்? நிறுக்கும் முன் 900 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்கி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) ஆறவைத்து, எடுத்த உடனே நிறுத்துவிடுங்கள்.

பிவிஏ பைண்டர் (தூளைப் பிடித்துவைக்கும் பசை) சேர்த்த தூள் ஈரத்தில் இளகும். அழுத்தும்போது குறுணைகள் நசுங்கும் விதமே மாறும். திட நிலை மின்கலத்துக்கான எல்எல்இசட்ஓ (லித்தியம், லாந்தனம், சிர்கோனியம் சேர்ந்த ஆக்சைடு) செய்கிறவர்களுக்கு இன்னும் கஷ்டம்: பெல்லட்டின் மேற்பரப்பு ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து லித்தியம் கார்பனேட் படலம் பூத்துவிடும். கடைசிப் பாலிஷை குளோவ் பாக்ஸுக்குள் (ஈரமில்லாத வாயு நிரப்பிய மூடிய பெட்டி) வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் குறிப்பேட்டில் தேதியோடு அன்றைய ஈரப்பதத்தையும் எழுதி வையுங்கள், மாநாட்டில் யாராவது கேட்டால் பதில் கையில் இருக்கும்.

பாலிஷ், எட்சிங்

அலுமினா, சிர்கோனியா போன்றவற்றுக்குச் சிலிக்கன் கார்பைடு தாள் வேண்டாம், வைரத் தட்டுதான் வேண்டும். அதற்குப் பிறகு 9, 6, 3, 1 மைக்ரான் வைரப் பேஸ்ட். ஒவ்வொரு கட்டத்திலும் கீறல் மறைந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பிரச்சினை: முந்தின கட்டம் மேற்பரப்புக்குக் கீழே விட்டுச்சென்ற சேதம் இன்னும் அப்படியே இருக்கும். கீறல் போன பிறகும் கொஞ்ச நேரம் தொடருங்கள். கட்டத்துக்குக் கட்டம் அல்ட்ராசோனிக் குளியலில் கழுவுங்கள், துணிகளைத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். 1 மைக்ரான் துணியில் ஒரே ஒரு 9 மைக்ரான் வைரத்துகள் ஏறினாலும் அன்றைய வேலை போச்சு. இபிஎஸ்டி (ஒவ்வொரு கிரெயினின் படிகத் திசையைக் காட்டும் அளவீடு) எடுக்கப் போவதாக இருந்தால் கடைசியில் கூழ்ம சிலிக்காவில் ஒரு பாலிஷ் வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். பாலிஷ் முடிந்த பெல்லட்டை எஸ்இஎம்மில் வைத்தால் கறுப்புக் கறுப்பாகக் குழிகள் தெரியும். எல்லாம் துளைகளா? இல்லை. பாலிஷ் செய்யும்போது எல்லையில் பிடிப்பு விட்டுப் பெயர்ந்து விழுந்த கிரெயின்களின் இடமும் குழியாகத்தான் தெரியும். பக்கத்தில் போய்ப் பாருங்கள். துளை என்றால் விளிம்பு பெரும்பாலும் வளைவாக, உள்சுவர் வழவழப்பாக இருக்கும், அனேகமாக மூன்று கிரெயின்கள் சந்திக்கும் மூலையில் உட்கார்ந்திருக்கும். பெயர்ந்த இடம் என்றால் விளிம்பு கோணல் கோணலாக, அப்படியே ஒரு கிரெயினின் வெளிக்கோடாக இருக்கும், அடியில் பக்கத்துக் கிரெயின்களின் தட்டையான முகங்கள் தெரியும், சுற்றிலும் சில்லுகள் உடைந்திருக்கும். கண் மட்டும் போதாது, ஆர்க்கிமிடீஸ் முறையில் (தண்ணீருக்குள் எடை பார்த்து) எடுத்த அடர்த்தியோடு ஒத்துப் பாருங்கள். அலுமினாவின் கோட்பாட்டு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.98 கிராம், உங்கள் பெல்லட் 3.94 என்றால் 99 சதவீதம், துளை 1 சதவீதம்தான் இருக்க வேண்டும். படத்தில் 5 சதவீதம் கறுப்பு என்றால் மீதி நீங்கள் பெயர்த்தது. திரும்பப் பாலிஷ் செய்யுங்கள், வேறு வழியில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்தவர், செய்யாதவர் என்று படத்தைப் பார்த்த சில நொடிகளில் அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லை தெரிவதற்கு வெப்ப எட்சிங், அதாவது பாலிஷ் செய்த பெல்லட்டைத் திரும்பச் சூடாக்குவது. சூட்டில் அணுக்கள் நகர்ந்து, எல்லை மேற்பரப்பைச் சந்திக்கும் கோட்டில் சின்ன வாய்க்கால் போல ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் எப்படி ஆழமாகிறது என்பதை 1957இல் மல்லின்ஸ் கணக்காக எழுதிவிட்டார். நடைமுறையில் சின்டரிங் வெப்பநிலையைவிட 50 முதல் 150 டிகிரி குறைவாக, 15 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வைத்தால் போதும். 1450இல் சின்டரிங் செய்த சிர்கோனியாவுக்கு 1300, 1350 சரியாக வரும். கூடுதல் நேரம் வைத்தால் எல்லை அழகாகத் தெரியும், ஆனால் மேற்பரப்பில் கிரெயினே வளர்ந்துவிட்டிருக்கும், நீங்கள் அளப்பது எட்சிங்கை. உலையில் வைக்கும் முன் பெல்லட்டைப் பாலிஷுக்காகப் பதித்த ரெசினிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால்தான் நான் மெழுகில் அல்லது அசிட்டோனில் கரையும் பசையில் ஒட்டிப் பாலிஷ் செய்யச் சொல்கிறேன்.

எல்லாப் பொருளுக்கும் இது ஒத்துவராது. சிலிக்கன் நைட்ரைடைக் காற்றில் சூடாக்கினால் ஆக்சைடாகும், அதற்குப் பிளாஸ்மா எட்சிங் அல்லது உருகிய சோடியம் ஹைட்ராக்சைடு. கண்ணாடிக் கட்டம் நிறைய உள்ள பொருளில் கண்ணாடி வெளியே கசிந்து வரும். அலுமினாவோடு சிர்கோனியா கலந்திருந்தால் எட்சிங் இல்லாமலே பின்சிதறல் படத்தில் (கனமான அணுக்கள் வெளிச்சமாகத் தெரியும் எஸ்இஎம் படம்) சிர்கோனியா வெள்ளையாகவும் அலுமினா கறுப்பாகவும் பிரிந்து தெரியும்.

சிர்கோனியாக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அரைப்பதும் பாலிஷ் செய்வதும் மேற்பரப்பில் டெட்ராகோனல் என்ற படிக அமைப்பை மோனோகிளினிக் என்ற அமைப்பாக மாற்றும், எட்சிங் சூடு அதைத் திரும்ப மாற்றிவிடும். ஆகவே எக்ஸ்ஆர்டியை எந்தப் பரப்பில் எடுத்தீர்கள், எட்சிங்குக்கு முன்னா பின்னா என்பதை ஸ்லைடிலேயே எழுதுங்கள்.

அளப்பது

படத்தின் குறுக்கே கோடு போட்டு, கோடு எத்தனை எல்லைகளை வெட்டுகிறது என்று எண்ணுகிற பழைய முறையே இன்றும் போதும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் செய்துவிடலாம். மூன்று கிரெயின் சந்திக்கும் புள்ளியில் கோடு விழுந்தால் ஒன்றரை என்று எண்ண வேண்டும். சராசரி வெட்டு நீளத்தை 1.56ஆல் பெருக்கிக் கிரெயின் அளவு என்று சொல்வது மெண்டல்சன் 1969இல் தந்த வழக்கம். சிலர் பெருக்குகிறார்கள், சிலர் பெருக்குவதில்லை. நீங்கள் எதைச் செய்தீர்கள் என்று சொல்லாமல் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டால் 56 சதவீத வித்தியாசம் சும்மா வந்து நிற்கும்.

பெல்லட்டின் நடுவிலும் ஓரத்திலும் படம் எடுங்கள், சில நூறு கிரெயின்களாவது எண்ணுங்கள், சராசரியை மட்டும் சொல்லாமல் பரவலையும் வரைந்து காட்டுங்கள். ஏனென்றால் சராசரி 2 மைக்ரான் என்று இருக்கும்போதே அங்கொன்றும் இங்கொன்றுமாக 40 மைக்ரான் கிரெயின்கள் ஒளிந்திருக்கலாம், உங்கள் பொருள் உடைவது அவற்றில்தான். அழகான இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் படம் போடுகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு பெரிய பரப்பு, அதற்குள் கட்டம் போட்டு உயர் உருப்பெருக்கம், இந்த ஜோடியைக் காட்டுங்கள்.

எல்லையைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்

எஸ்இஎம்மில் இடிஎஸ் (எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) எடுத்து "எல்லையில் இட்ரியம் சேர்ந்திருக்கிறது" என்று சொல்லாதீர்கள். 15 கிலோவோல்ட்டில் எலெக்ட்ரான் கற்றை பொருளுக்குள் பரவும் இடமே சுமார் ஒரு மைக்ரான். எல்லையோ ஒரு நானோமீட்டர் சமாச்சாரம். அதற்கு எஸ்டிஇஎம் (மெல்லிய மாதிரியைக் கற்றை ஊடுருவிப் பார்க்கும் நுண்ணோக்கி) வேண்டும், மாதிரி 100 நானோமீட்டருக்கும் மெலிதாக இருக்க வேண்டும், எல்லை கற்றைக்கு நேராக, விளிம்பு பார்த்து நிற்கும்படி சாய்க்க வேண்டும். சாய்வு சரியில்லாமல் எடுத்த படத்தில் 5 நானோமீட்டர் அகலத்துக்கு மங்கலாகத் தெரிவது படலம் ஆகாது, சரிந்து நிற்கும் எல்லையின் நிழல் அது. எஃப்ஐபியில் (காலியம் அயனிக் கற்றையால் வெட்டும் கருவி) மாதிரி வெட்டியிருந்தால் காலியம் விட்டுச்செல்லும் உருவற்ற அடுக்கையும் கணக்கில் வையுங்கள்.

சிலிக்கன் நைட்ரைடில் கிரெயின்களுக்கு நடுவே ஒரு நானோமீட்டர் அளவில் கண்ணாடிப் படலம் இருப்பதும், ஒரு பொருளுக்குள் அந்தத் தடிமன் பெரும்பாலும் மாறாமல் இருப்பதும் பலரை யோசிக்க வைத்த விஷயம். ஏன் அது ஒரு சமநிலைத் தடிமனில் நிற்கிறது என்று 1987இல் டேவிட் கிளார்க் விளக்கம் கொடுத்தார். 2007இல் டில்லன், ஹார்மர் குழுவினர் அலுமினாவில் ஆறு விதமான எல்லை நிலைகளை வகைப்படுத்தினார்கள், அந்த நிலைகளைக் குறிக்கும் காம்ப்ளெக்ஷன் என்ற சொல் அப்போதிருந்து இந்த அரங்குகளில் சரளமாகப் புழங்குகிறது. இந்த இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள், பேச்சுகளில் பாதி புரிந்துவிடும்.

ஒரு கேள்வி கண்டிப்பாக வரும்: நீங்கள் பார்க்கும் எல்லை அறை வெப்பநிலையில் உள்ளது, 1600 டிகிரியில் அது இப்படித்தான் இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மெதுவாக ஆறும்போது எல்லையில் பொருள்கள் வந்து சேரலாம், கட்டங்கள் பிரியலாம். ஒரு மாதிரியையாவது வேகமாக ஆறவைத்து ஒப்பிட்டிருந்தால் அதைக் காட்டுங்கள். செய்யவில்லையென்றால் "ஆறிய பிறகு உள்ள நிலையைத்தான் காட்டுகிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

மேடையும் போஸ்டரும்

வழக்கமாக 12 நிமிடம் பேச்சு, 3 நிமிடம் கேள்வி. எட்டு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் படம், குழுப் படம், "செராமிக் என்றால் என்ன" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியும். அளவுக்கோட்டைக் கருவி போட்டுத் தந்த பொடி எழுத்தில் விடாமல் நீங்களே பெரிதாகப் போடுங்கள், கடைசி வரிசையிலிருந்து படிக்க முடிய வேண்டும். புரொஜெக்டரில் சாம்பல் நிறங்கள் வெளுத்துப் போகும் என்பதால் படத்தின் கான்ட்ராஸ்ட்டை முந்தின நாளே அரங்கத் திரையில் சோதித்துக்கொள்ளுங்கள். படத்தில் கை வைத்தால், அதாவது வண்ணம் ஏற்றினால், இரைச்சல் நீக்கினால், அதையும் கீழே எழுதுங்கள்.

கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்ட கேள்வியை உங்கள் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பதில் சொன்னால் யோசிக்க நேரமும் கிடைக்கும், அரங்கத்துக்கும் புரியும். நம் பிள்ளைகள் பலர் பேராசிரியர் கேட்டதும் உடனே "யெஸ் சார்" என்று ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் உங்கள் அளவீடு வேறு சொன்னால் அளவீட்டைச் சொல்லுங்கள்.

கேட்கிறவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் சிலேத்தார் பக்கம் விமான இன்ஜின் வேலை நடக்கிறது. டர்பைன் பிளேடில் பூசும் இட்ரியா கலந்த சிர்கோனியாவும், அதற்கும் கீழ்ப்பூச்சுக்கும் நடுவில் ஓடும்போதே வளரும் அலுமினா அடுக்கும், அந்த இடைமுகத்தில் பூச்சு உரிவதும் அவர்களுக்கு அன்றாடக் கவலை. எத்தனை வெப்பச் சுழற்சி தாங்கும் என்று நேரடியாகக் கேட்பார்கள். சோதிக்கவில்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு, சோதித்ததைச் சொல்லுங்கள்.

போஸ்டர் என்றால் ஏ0, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர், நிமிர்த்தியா படுக்கையாகவா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய நுண்கட்டமைப்புப் படம், சுற்றிலும் அதை ஆதரிக்கும் சின்ன வரைபடங்கள். விமானத்தில் குழாயைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பென்கூலன் தெருவில் சன்ஷைன் பிளாசாவில் அச்சுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கோப்பை அனுப்பிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம், ஆனால் முந்தின நாள் மாலை வரை தள்ளிப்போடாதீர்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு

எஸ்ஜி அரைவல் கார்டை வருவதற்கு முன் மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம், காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். பிளக் மூன்று சதுரக் கால் உள்ளது, அடாப்டர் வேண்டும். வெளியே வேர்க்கும், அரங்குக்குள் ஏசி நடுங்க வைக்கும், ஒரு சட்டை கூடுதலாக வையுங்கள். மாநாடு சன்டெக் மாநாட்டு மையத்தில் என்றால் லிட்டில் இந்தியாவில் தங்குவது வசதி: டவுன்டவுன் ரயிலில் புரோமனேட் மூன்றாவது நிலையம், பசியாறிவிட்டுக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். என்டியு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) என்றால் பூன் லே போய் 179 பேருந்து, தொலைவு அதிகம், அதற்கேற்பக் கிளம்புங்கள்.

வந்த இடத்தில் ஆய்வகம் ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போங்கள். என்டியு, என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் பொருளறிவியல் துறை இருக்கிறது, ஒன் நார்த் நிலையத்தை ஒட்டி ஏ ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் பொருளறிவியல் ஆய்வுக்கூடமான ஐஎம்ஆர்இ இருக்கிறது. மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள், நாலு வரி போதும்: நீங்கள் யார், எந்த எல்லையைப் பற்றி எந்தக் கேள்வியில் இருக்கிறீர்கள், எந்தக் கருவியைப் பார்க்க ஆசை, எந்த நாள் முடியும். அதோடு உங்கள் சிறந்த படம் ஒன்றை இணையுங்கள். அங்கே வேலை செய்கிற நம்மூர் அக்கா அண்ணன்மார் இருப்பார்கள். கோப்பி இடைவேளையில் கூச்சப்படாமல் போய்ப் பேசுங்கள், மாதிரி தயாரிப்பில் எந்தத் துணி, எந்த நேரம் என்று அவர்கள் வாயால் கேட்பது எந்தக் கட்டுரையிலும் அச்சாகி வராத சங்கதி. மடிக்கணினியில் மூலப் படக் கோப்புகளைச் சுருக்காமல் டிஃப்பாகவே எடுத்துவாருங்கள், யாராவது "அந்த மூலையைப் பெரிதாக்கிக் காட்டு" என்று கேட்டால் அங்கேயே திறந்து காட்ட வேண்டியிருக்கும்.